அக்கரையில் நிறுத்திய பிள்ளைகள்

பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் என்னை மிஞ்ச இந்தக் கல்குளம் தாலுகாவில் ஆள் கிடையாது. எண்ணெயை முதலில் உச்சியில் வைத்தால் எந்தப் பிள்ளையும் வீரிட்டு அழும். உள்ளங்காலில் தொடங்கி மேலே வர வேண்டும். முழங்கால் தாண்டுவதற்குள் அது கொட்டாவி விட்டுவிடும். புன்னைவிளைக் காப்பகத்தில் ஒரு தலையில் பேன் கிடையாது, ஒரு காலில் சிரங்கு கிடையாது. நீங்களே பார்த்தீர்கள். இருக்கிற பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

இல்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். பதினொரு பேர் என்கிறீர்கள். சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் யாரும் எண்ணவில்லை. அதை நான் சாக்காகச் சொல்லவில்லை. எண்ணியிருந்தால் முதல் பிள்ளையோடு நின்றிருக்கும் என்று ஒரு ஆதங்கம், அவ்வளவுதான்.

என் பெயர் நாகம்மை. தேரூர்ப் பக்கம் வெள்ளாளக் குடும்பம். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும். நாற்பத்தேழில், மகாராஜா சர்க்கார் இருந்தபோது, இரணியலுக்கு மேற்கே புன்னைவிளையில் பெருநோய் ஆசுபத்திரியை ஒட்டி ஒரு காப்பகம் திறந்தார்கள். நோயாளிகளுக்குப் பிறக்கிற, நோயில்லாத பிள்ளைகளை வைத்து வளர்க்க. மேட்ரன் வேலைக்கு ஆள் கேட்டார்கள். ஒரு பெண்ணும் வரவில்லை. நான் போனேன். என் மூத்த அண்ணன், "அங்க வேலைக்குப் போனா இந்த நடையில ஏறப்பிடாது, பாத்துக்கோ" என்றார். ஏறவில்லை. தம்பி சிவதாணு மட்டும் வந்துபோவான், அவனும் என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டான்.

தாயோடு இருந்தால் பிள்ளைக்கும் தொற்றிவிடும் என்று பிரித்து வைப்பது சர்க்கார் சட்டம். நடுவில் ஒரு குளம். ஒரு கரையில் ஆசுபத்திரி, மறுகரையில் நாங்கள். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை தாய்மாருக்குப் பிள்ளைகளைக் காட்டுவோம். 'காட்டல்' என்றே அதற்குப் பெயர். தாய்மார் எல்லோரும் அந்தக் கரையில் மடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இந்தக் கரையில் துவைக்கிற படிக்கட்டில் நான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவேன். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை ஒரு படி இறங்கி, கையைத் தூக்கி, "எம்மோ, சுகந்தானா" என்று சத்தம் போட வேண்டும். கைக்குழந்தை என்றால் நான் தூக்கிக் காட்டுவேன். அந்தக் கரையிலிருந்து ஒரு சத்தம் வரும். பிறகு அடுத்த பிள்ளை.

அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. அந்த நோய் கண்ணையும் கொண்டுபோகும், பல பேருக்கு எல்லாம் புகைக்குள் தெரிகிற மாதிரிதான் தெரியும். அதனால் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கு என்று ஒரு நிறத்தில் துணி தைத்துக் கொடுத்துவிடுவாள். விரல் இல்லாதவர்கள் ஊசியைப் பல்லில் கடித்து இழுத்துத் தைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை அண்டாவில் போட்டு வேகவைத்து, காயவைத்து, காட்டல் அன்றைக்குப் பிள்ளைக்குப் போட்டுவிடுவோம். மஞ்சள் பாவாடை என்றால் அன்னக்கிளி மகள். பச்சைச் சட்டை என்றால் இன்னாருடைய மகன். அவர்களுக்குப் பிள்ளையைத் தெரியாது, துணியைத்தான் தெரியும். இந்த வழக்கத்தை நான் ஏற்படுத்தவில்லை. தானாக அமைந்தது. நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அன்னக்கிளி இரணியல் பக்கம் பனையேறி ஒருவருடைய பெண்சாதி. கைக்குழந்தையோடு இருக்கும்போது நோய் தெரிந்து, புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பிறகு அவர் வரவே இல்லை. பிள்ளைக்கு ஓமனா என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை எங்களிடம் வரும்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற பருவம். அந்த மழைக்காலத்தில் அதற்கு வயிற்றாலே போய், கண் உள்ளே போய்விட்டது. காப்பகத்தில் வைத்தால் பிழைக்காது என்று இரணியலில் என் வாடகை வீட்டுக்கு எடுத்துப் போனேன். வசம்பு சுட்டுக் கொடுத்தேன், நொய்க்கஞ்சித் தெளிவு கொடுத்தேன், கண் விழித்துப் பார்த்துக்கொண்டேன். பிழைத்தது. பிழைத்ததும் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

காட்டல் வந்தது. அதற்கு லேசாகச் சளி பிடித்திருந்தது. குளக்காற்றில் கொண்டுபோக வேண்டாமே என்று, செல்லக்கனி என்ற வேறொரு பிள்ளைக்கு அந்த மஞ்சள் துணியைச் சுற்றித் தூக்கிக் காட்டினேன். செல்லக்கனி ஓமனாவைவிடக் கொஞ்சம் பெரியவள். அவளுடைய தாய் ஆசுபத்திரியிலேயே செத்துப்போனாள், அவளைக் காட்டுவதற்கு ஆள் இல்லை. ஒரு தடவைக்குத்தானே என்று செய்தேன்.

அந்தக் கரையிலிருந்து அன்னக்கிளி கத்தினாள். "எனக்க ஓமனா நல்லாத் தடிச்சிருக்காளே. மேட்ரனம்மைக்குக் கோடி புண்ணியம்."

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் இறங்கிற்று.

என் வீட்டில் இருந்த பிள்ளைக்குப் பகவதி என்று பெயர் வைத்தேன். தூரத்து உறவில் தாயில்லாப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். அது முதலில் பேசிய வார்த்தை அம்மை. என்னைப் பார்த்துத்தான் சொன்னது. நான் என்ன செய்ய முடியும். திருத்தவா முடியும்.

ஐயா, அதோடு நின்றிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். ஒரு பிள்ளை வீட்டில் வளருகிற அழகைப் பார்த்த பிறகு, மற்றப் பிள்ளைகளும் வீடுகளில் வளர்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று. நான் செய்த ஒன்றை எல்லோருக்கும் செய்துவிட்டால் அது குற்றமாக இல்லாமல் தருமமாகிவிடும் என்று மனசு எங்கோ கணக்குப் போட்டிருக்கிறது. இன்று அப்படித் தெரிகிறது. அன்றைக்கு இரக்கம் என்றுதான் நினைத்தேன். அது அரிசி கிடைக்காத காலம். சர்க்கார் கொடுக்கிற படியரிசியில் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் வயிறு நிறையும், மீதிக்குக் கப்பைக்கிழங்கு. பிள்ளை குறைந்தால் இருக்கிற பிள்ளைக்குச் சோறு கூடும். அந்த அரிசியில் ஒரு மணிகூட என் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு சக்கரம் காசுகூட யாரிடமும் கை நீட்டி வாங்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் வந்தவர்கள் பிள்ளையில்லாத ஒரு தம்பதி. அழுதுகொண்டே வந்தார்கள். தாய்க்கு என்ன நோய் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பிறகு கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டில் வாசல் தெளிக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றார்கள். கடியப்பட்டணத்தில் ஒரு மீன் வியாபாரிக்குக் கூடை எடுத்துக்கொண்டு கூடப்போக ஒரு பையன். எல்லாம் நல்ல வீடுகள். பிறகு கொல்லத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அண்டியாபீசில், முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில், மானேஜர் என்றார். பிள்ளைகளைப் படிக்கவைப்போம் என்றார். நான் அவர் சட்டையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. நான்கு பிள்ளைகளை ஒரே தடவையில் கூட்டிப்போனார். எந்த ஆபீஸ், எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் பிறகு யாராவது கேட்கும்போது பொய் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது.

காட்டல் அன்றைக்குத்தான் கஷ்டம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாழம்புதர் உண்டு. அதற்குப் பின்னால் துணி மாற்றுவோம். மஞ்சள் பாவாடையில் ஓமனாவாக நின்ற செல்லக்கனி, பின்னால் போய் ஊதாப் பாவாடையில் வேறொருத்தியாக வருவாள். குரலைக்கூட மாற்றுவாள், நான் சொல்லிக்கொடுக்காமலே. அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் பழகிக்கொண்டன. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர், மூன்று பெயர். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. தாய்மாரும் சந்தோஷமாகத்தான் திரும்பிப் போனார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் கொழுகொழு என்று இருக்கிற பிள்ளைகளை. எந்தத் தாயும் ஒரு மாதமும் வெறுங்கண்ணோடு திரும்பவில்லை.

மேலதிகாரிகளைக் கேட்கிறீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெரிய டாக்டர் வருவார். ஜீப் வெளிக்கதவுக்கு வெளியே நிற்கும். அவர் இறங்க மாட்டார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "எல்லாரும் உண்டல்லோ?" என்பார். "உண்டு சார்" என்பேன். நான் கையெழுத்துப் போட அவர் கொடுக்கிற பேனாவைக்கூட என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார், வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். என்னிடம் அப்படி ஏழெட்டுப் பேனா இருக்கிறது. பிள்ளைகளுக்கு நோயில்லை என்று அவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் கதவைத் தாண்டமாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அந்தத் தாய்மாரைக் குளத்துக்கு அந்தப்புறம் இருக்கிற ஜாதியாகத்தான் பார்த்தேன். அவர்கள் பெற்றவர்கள் என்பது எனக்கு மறந்தே போயிற்று. செத்தவர்களுக்குத் திதி கொடுப்பதுபோல மாதம் ஒரு தடவை எதையோ காட்டிவிட்டுக் கையைக் கழுவினேன்.

இஸ்ரவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அவன் கொல்லத்துக்குப் போன நான்கு பேரில் ஒருவன். பல மாதம் கழித்து ஒருநாள் உச்சிவெயிலில் திரும்பி வந்து நின்றான். தண்டவாளத்தைப் பிடித்தும் ரோட்டைப் பிடித்தும் நடந்தே வந்திருக்கிறான். கையைப் பார்த்தேன். தோல் உரிந்து, கறுத்து, விரல்கள் மடங்கி, இது அந்த நோய்தான் என்று பயந்துவிட்டேன். நோய் இல்லை. முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டு வெந்த கை. கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். கரண்டி பிடிக்க முடியவில்லை, நானே ஊட்டினேன். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

"வாற ஞாயிறு காட்டலுல்லா, மேட்ரனம்மா" என்றான். "அம்மையைப் பாத்துட்டுப் பெறகு நீங்க சொல்லுத எடத்துக்குப் போறேன்."

அவனுடைய பச்சைச் சட்டையில் அப்போது வேறொரு பையன் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய தாய்க்கு அந்தக் குரல் பழகிவிட்டது. இவனை நிறுத்தினால் அவள் சந்தேகப்படுவாள், ஒருத்தி சந்தேகப்பட்டால் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். சொந்தப் பிள்ளையைக் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்கிற நிலைக்கு நான் வந்திருந்தேன். அந்த வெள்ளைச்சட்டைக்காரர் அவ்வப்போது தக்கலைக்கு வருவார், ஒரு கடையில் சொன்னால் தகவல் போகும். நான் சொல்லியனுப்பினேன். சனிக்கிழமையே வந்து கூட்டிப்போனார். பையன் அழவில்லை. "ஒரு நாள்தானே இருக்கு" என்று மட்டும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நான் இஸ்ரவேல் என்று கூப்பிட்டேன். அந்த மற்றப் பையன் இறங்கி நின்று கையைத் தூக்கினான். அந்தக் கரையில் இஸ்ரவேலைப் பெற்றவள் பாட்டுப் பாடினாள்.

அவன் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதெல்லாம் காலத்துக்கும் இப்படியே போகும் என்று நினைத்திருந்தேன். அந்த ஆசுபத்திரிக்குள் போனவர்கள் வெளியே வந்ததில்லை. வந்தால் நான்குபேர் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அந்தக் குளக்கரையைச் சுற்றி ஒரு தாய் தன் காலால் நடந்து இந்தப் பக்கம் வருவாள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. ஆனால் வெள்ளை மாத்திரை ஒன்று வந்தது. இரண்டு மூன்று வருஷம் தின்றார்கள். தோலைக் கீறி எடுத்துப் பார்த்து, கிருமி இல்லை, வீட்டுக்குப் போகலாம், பிள்ளையையும் கூட்டிப் போகலாம் என்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்னக்கிளிதான் முதலில் வந்தாள். போன வருஷம்.

அவள் வருகிறாள் என்று முந்தின நாளே தெரியும். செல்லக்கனியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஏட்டி, இனி நீதான் ஓமனா. அவ கேட்டா அப்படித்தான் சொல்லணும், கேட்டியா?" என்றேன்.

"அப்போ செல்லக்கனி எங்க போனா, மேட்ரனம்மை?" என்றாள்.

"அவ இல்ல" என்றேன்.

பிறகு சரி என்றாள். அனுசரணையான பிள்ளை. அன்னக்கிளி விரல்கள் மடங்கிப்போன கையால் அவள் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவினாள். ஏழு வருஷம் குளத்துக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தவள் அல்லவா, கண்ணை நம்பவில்லை, தடவியே பார்த்தாள். என் காலில் விழ வந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அடக்கத்தினால் நகர்ந்தேன் என்று அவள் நினைத்திருப்பாள். நோய்க்குப் பயந்துதான் நகர்ந்தேன். இரண்டுபேரும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு அநாதைக்குத் தாய் கிடைத்தாள், ஒரு தாய்க்குப் பிள்ளை கிடைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

இந்த வருஷம் நவம்பரில் தாலுகா மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்தது. பழைய சர்க்கார் கொடுக்க, புது சர்க்கார் வாங்க, நாற்காலி, பெஞ்சு, அண்டா, பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்து ஒப்புக்கொள்ள நீங்கள் வந்தீர்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு டிப்டி கலெக்டர் என்றதும் ஜீப் வெளியேதான் நிற்கும் என்று நினைத்தேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தீர்கள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கதவைத் தாண்டிய முதல் ஆபீசர் நீங்கள்தான். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்த பையனிடம் பெயர் கேட்டீர்கள். அவன் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "எந்தப் பேரைச் சொல்லணும், மேட்ரனம்மா?" என்றான்.

அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்று இருந்தது.

அன்னக்கிளி என் வீட்டுக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. நீங்கள் காப்பகத்துக்கு வந்த மறுவாரம் அது. செல்லக்கனி அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் அவள் கையால் சோறு தின்று, அவள் பாயில் படுத்து, பிறகு தாங்கமுடியாமல் ஒருநாள், "நான் ஓமனா இல்லம்மோ, ஓமனா மேட்ரனம்மைக்க வீட்டுல நிக்கா" என்று அழுதிருக்கிறாள். காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிள்ளைகளிடம் எதை மறைக்கமுடியும். அவளை அன்னக்கிளி அடிக்கவில்லை, துரத்தவில்லை. "நீயும் எனக்க மவதான், நீ இரி மக்கா" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பி வந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு வாசலில் அவளைக் கண்டதும் நான் உள்ளறைக்குப் போய் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டேன்.

"கொஞ்சம் தண்ணி தருவியா மக்கா" என்றாள்.

பகவதி செம்பில் தண்ணீர் எடுத்துப் போனாள். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளுக்கும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அந்தக் கையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று. அவள் நடையிலேயே நின்று, "தள்ளி நில்லுங்க, கையை ஏந்துங்க" என்று சொல்லிவிட்டு உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றினாள். மடங்கின விரல் தண்ணீரைப் பிடிக்காது. ஒழுகிக்கொண்டே இருந்தது. அன்னக்கிளி குடிப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் ஒழுக ஒழுகப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பு காலியாகும்வரை பார்த்தாள்.

"ஒனக்கப் பேரு என்ன?"

"பகவதி."

"நல்ல பேரு" என்றாள்.

நான் வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் அவள் சேலையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். பகவதி உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மெதுவாக, "இது ஒங்க மவளா, மேட்ரனம்மா?" என்று கேட்டாள்.

தெரிந்துகொண்டுதான் கேட்டாள். ஊரைக் கூட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று எனக்கு ஒரு வழி விட்டாள். அந்த ஒரு வாய்ப்பை இன்னொரு மேட்ரன் எனக்குக் கொடுத்திருக்க மாட்டாள், ஒரு சர்க்கார் கொடுத்திருக்காது. குளத்துக்கு அந்தப்பக்கத்துப் பெண் கொடுத்தாள்.

"ஆமா" என்றேன்.

"நல்லா வளத்திருக்கிய" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலம் பகவதி அந்தச் செம்பைப் புளிபோட்டுத் தேய்த்தாள். எதற்கு என்று கேட்டேன். "அது அந்தப் பெருநோய்க்காரிக்குக் குடுத்த செம்புல்லா" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. நான் வளர்த்த பிள்ளை நான் வளர்த்த மாதிரித்தானே இருக்கும். கொல்லைப்புறம் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். நாற்பது வயது தாண்டின ஒருத்தி இப்படி அழக்கூடாது.

பதினொரு பேரில் எனக்குத் தெரிந்த வீடுகளை எல்லாம் சொல்லிவிட்டேன். அந்தத் தம்பதி, கோட்டாற்று ஜவுளிக்காரர், கடியப்பட்டணத்து வியாபாரி, மற்றவர்கள். இன்றே ஆளனுப்புங்கள். தாமதித்தால் பிள்ளையை வேறெங்காவது கடத்திவிடுவார்கள். அழுவார்கள், காலைப் பிடிப்பார்கள், சொந்தப் பிள்ளையாக வளர்த்தோம் என்று சத்தியம் பண்ணுவார்கள். இரங்காதீர்கள். வளர்த்த பாசம் பெரிதுதான், ஆனால் பெற்றவள் இருக்கும்போது பிள்ளை பெற்றவளுக்குத்தான். அதில் இரண்டு பேச்சு இல்லை. கொல்லத்துக்கும் போலீசை அனுப்புங்கள். அந்த வெள்ளைச்சட்டைக்காரரைப் பார்த்தால் என்னால் அடையாளம் காட்டமுடியும்.

அன்னக்கிளியும் செல்லக்கனியும் காலையிலிருந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரும்போது பார்த்தேன். செல்லக்கனி மடியில் பனங்கிழங்கு அவித்து ஓலையில் பொதிந்து வைத்திருக்கிறாள். ஓமனாவுக்கு என்று கொண்டுவந்திருப்பாள். அவள் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். இவ்வளவுக்குப் பிறகும் எழுந்து நின்றாள்.

நீங்கள் கடைசியாக எழுதவேண்டியது ஓமனா எங்கே என்பது. என் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள் என்று உங்கள் குமாஸ்தா சொன்னார். அனுப்பியதில் தப்பில்லை. வீடு பூட்டியிருக்கும். நான் இங்கே கிளம்புவதற்கு முன்னால் சிவதாணு வந்து அவளைக் கூட்டிப்போய்விட்டான். மாமன்கூட ஊர் சுற்றப் போகிறோம் என்று சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள். முன்பு போல இருந்தால் ஆரல்வாய்மொழி எல்லைச் சவுக்கையில் அரிசி மூட்டையைத் தேடிப் பஸ்ஸை நிறுத்துவார்கள், விசாரிப்பார்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாகாணம். நிறுத்த ஆளில்லை. எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டால் நான் மறைக்கமாட்டேன், என் சுபாவம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்தத் தாயை அவள் ஏற்றுக்கொள்ளமாட்டாள் ஐயா. அந்தக் கையைக் கண்டு பயப்படுவாள். பிள்ளையின் நன்மையைத்தான் பார்த்தேன்.

நான் சொன்னதெல்லாம் உண்மை. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளியே போய் அன்னக்கிளியிடம் இதை நீங்கள் சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.